‘உன் உடம்பே உனக்கு எதிரி’ என்ற வாக்கியம்

2016இல் என் அக்காவுக்கு லூபஸ் நோய் என்று உறுதியான நாளில் மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அதற்கு முன் பதினான்கு மாதங்கள், காலையில் விரல் மூட்டுகள் வீங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனதற்குக் கால்சியம் மாத்திரையும், கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போலப் படர்ந்த சிவப்புக்குக் களிம்பும், முடி கொத்தாக உதிர்ந்ததற்கு எண்ணெயுமாகத் தனித்தனியே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் திருச்சியில் ஒருவர், தன் உடலுக்கே எதிரான புரதங்கள் ரத்தத்தில் உண்டா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது, சிறுநீரில் புரதம் போவதும் தெரிந்தது. வெளியே நாற்பது பேர் காத்திருந்த அந்த முற்பகலில், அவர் எங்களுக்குப் புரியும்படி சுருக்கமாகச் சொன்னார்: “உங்க உடம்பே உங்களுக்கு எதிரியாயிடுச்சும்மா.” அவர் அன்பானவர்தான். பாடநூல்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கின்றன. தஞ்சாவூர் திரும்பும் பேருந்தில் அக்கா வெகுநேரம் பேசவில்லை. வல்லம் தாண்டும்போது என் பக்கம் திரும்பி, “நான் அதுக்கு என்ன செஞ்சேன்?” என்று கேட்டாள். ‘அதுக்கு’ என்றது அவளுடைய உடம்பை. ஒரு மனிதரோடு பகை முளைத்துவிட்டால் காரணம் தேடுவோமே, அப்படிக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நான் மருத்துவம் படித்தவன் அல்ல. கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவன். ஆனால் அந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று தவறாக இருக்கிறது என்ற எண்ணம் அன்றே உட்கார்ந்துவிட்டது. எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் இந்த நோய் வகைக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரும் ‘தன்னுடல் தாக்குநோய்’ என்பதுதான். பெயரிலேயே ஒரு போர் இருக்கிறது, ஒரு துரோகமும் இருக்கிறது. அந்த நோய் வந்தவர் தன் உடலை ஒரு துரோகியாகப் பார்க்கப் பழகிக்கொள்கிறார். அல்லது அக்காவைப் போல, உடல் துரோகம் செய்யும் அளவுக்குத் தான் அதற்கு என்ன கெடுதல் செய்தோம் என்று தேடத் தொடங்குகிறார். வெயிலில் தேர்தல் வேலைக்குப் போனதா, இரவெல்லாம் விடைத்தாள் திருத்தியதா, சாப்பாட்டு நேரம் தவறியதா என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாள்.

உறவினர்களின் அக்கறை வேறு வகையில் சிரமம் தந்தது. ‘எதிர்ப்பு சக்தி’ என்ற சொல் நம் வீடுகளில் எப்போதும் நல்ல பொருளிலேயே வழங்குகிறது. அது கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது. ஆகவே, எதிர்ப்பு சக்தி தொடர்பான நோய் என்று கேள்விப்பட்டதும் அதைக் கூட்டுவதற்கான பொடிகளும் கஷாயங்களும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அக்காவுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளோ அதை அடக்குவதற்கானவை. இதைப் பெரியம்மாவுக்கு விளக்குவதற்குள் எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. 2020 மார்ச்சில் நிலைமை தலைகீழானது. லூபஸ் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு பரவி, நாட்டிலிருந்து அதை ஏற்றுமதி செய்வதற்கே தடை வந்த அந்த வாரங்களில், நான்கு மருந்துக் கடைகள் ஏறி இறங்கி இரண்டு அட்டை வாங்கினேன். மலேரியாவுக்காக உருவான பழைய மாத்திரை அது. இன்றும் லூபஸ் சிகிச்சையின் அடித்தளம் அதுவே என்பதை அந்த வாரங்களில்தான் எங்கள் தெரு தெரிந்துகொண்டது.

‘முன்னாடியே இருந்ததா?’

அக்காவுக்குத் திருமணமாகி ஒன்றரை ஆண்டில் நோய் தெரியவந்தது. அவள் மாமியார் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் எழுந்தது, அதுவும் ஒரே ஒரு முறைதான்: “முன்னாடியே இருந்ததா?” மறைத்துக் கட்டிக்கொடுத்தீர்களா என்பதன் நாகரிகமான வடிவம் அது. அத்தான் உடனே பேச்சை நிறுத்திவிட்டார். அந்த வகையில் அவர் பெரிய மனிதர். ஆனால் என் அம்மா அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார். கேள்விக்கு நாங்கள் எல்லோரும் நேர்மையாகச் சொன்ன பதில், ‘இல்லை’ என்பது.

சில ஆண்டுகள் கழித்து, 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியர்த்தது. அமெரிக்கப் படையில் சேர்ந்தவர்களின் ரத்த மாதிரிகள் சேரும்போதும் பிறகு அவ்வப்போதும் எடுத்துச் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். அவர்களில் 115 பேருக்கு, அதாவது 88 விழுக்காட்டினருக்கு, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தன் உடலின் பொருள்களுக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களில் ஒன்றாவது ரத்தத்தில் இருந்தது. சராசரியாக 3.3 ஆண்டுகளுக்கு முன்பே, ஒருவருக்கு 9.4 ஆண்டுகளுக்கு முன்பே. அக்காவின் கணக்கில் அதைப் போட்டுப் பார்த்தால், திருமணத்துக்கு முன்பே அது தொடங்கியிருக்கக்கூடும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே கூட இருக்கலாம். எந்த வலியும் இல்லாமல், எந்த அடையாளமும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல்.

இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று பல மாதங்கள் தயங்கினேன். வெயிலோ விடைத்தாளோ அவளுக்கு நோயைக் கொண்டுவரவில்லை, அவள் குற்றம் சுமத்திக்கொண்ட அந்த ஆண்டுக்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்திருக்கலாம் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். அதே செய்தி வேறொருவர் கையில் ‘பார்த்தீர்களா, முன்னாடியே இருந்திருக்கிறது’ என்று ஆகிவிடும். அறிவியலின் ஒரு கண்டுபிடிப்பு நம் ஊரில் ஒரு கூடத்துக்குள் நுழையும்போது என்ன உருவம் எடுக்கும் என்பதை ஆய்வாளர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. நான் சொல்லவில்லை. அந்த மௌனம் சரியா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாலை

2025 அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர்கள் கண்டுபிடித்தது என்ன என்று ஒரு விடுமுறை நாள் முழுவதும் உட்கார்ந்து படித்தேன். அன்றுதான் அந்தப் பழைய வாக்கியத்தில் எது தவறு என்று எனக்கு விளங்கியது.

கதை நீளமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பால் எர்லிக், உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும் என்று சொன்னார். ஓர் ஆட்டின் உடலில் வேறோர் ஆட்டின் ரத்தத்தைச் செலுத்தினால் அதற்கு எதிரான பொருள் உருவாகிறது, தன் சொந்த ரத்தத்துக்கு எதிராக உருவாவதில்லை என்று அவர் கண்டிருந்தார். அந்த அச்சத்தைப் பின்வந்தவர்கள் மீற முடியாத சட்டமாக எடுத்துக்கொண்டதால், உடல் தன்னையே தாக்கும் என்பதை ஏற்க மருத்துவ உலகத்துக்கு 1950கள் வரை ஆயிற்று. ஏற்ற பிறகு வந்த விளக்கம், உடலைத் தாக்கக்கூடிய செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியிலேயே வடிகட்டி அழிக்கப்படுகின்றன, வடிகட்டியில் பிழை நேர்ந்தால் நோய் வருகிறது என்பது. அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஜப்பானின் சகாகுச்சிக்கு அது போதவில்லை. பிறந்து மூன்று நாள் ஆன சுண்டெலிக் குட்டியின் தைமஸை அகற்றினால், தைமஸில் முதிரும் எதிர்ப்பு செல்களான டி செல்கள் குறைந்து எதிர்ப்பு மந்தமாக வேண்டும். மாறாக, எலியின் பல உறுப்புகள் தன்னுடல் தாக்குதலுக்கு உள்ளாயின. ஆரோக்கியமான இன்னொரு எலியின் டி செல்களைச் செலுத்தியபோது நோய் தடுக்கப்பட்டது. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே மற்றவற்றை அமர்த்தி வைக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்பது அவர் முடிவு. அதற்கு முன் இப்படிச் சொன்ன சிலரின் ஆய்வுகள் நிற்காமல் போயிருந்ததால் அவரை நம்பியவர்கள் குறைவு. பத்தாண்டுகளுக்கு மேல் அதையே தொடர்ந்து, 1995இல் அந்தச் செல்களை அடையாளத்தோடு காட்டினார்.

மற்ற இருவரின் வேலை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிறு நிறுவனத்தில் நடந்தது. 1940களில் டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், தோல் செதில் செதிலாக உரிந்து, மண்ணீரலும் நிணநீர் முடிச்சுகளும் பெருத்து, சில வாரங்களில் இறந்துபோகும் ஆண் எலிகள் தற்செயலாகப் பிறந்திருந்தன. அந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் எங்கோ இருந்தது. பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்தக் குரோமோசோமில் தேடலைச் சுருக்கிச் சுருக்கி 20 மரபணுக்கள் வரை கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, இருபதாவதில் பிழையைக் கண்டார்கள். அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள். அதே மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்கு மிகக் கடுமையான தன்னுடல் தாக்குநோய் வருவதையும் 2001இல் காட்டினார்கள். இரண்டாண்டுகளில், சகாகுச்சி கண்ட செல்களை உருவாக்குவதே இந்த மரபணுதான் என்று தெரிந்தது.

இதில் என்னை நிறுத்தியது பரிசு அல்ல. இதற்குள் பொதிந்திருந்த ஒரு செய்தி. வடிகட்டிக்குத் தப்பி, தன் உடலையே குறிவைக்கக்கூடிய செல்கள் ஆரோக்கியமானவர்கள் எல்லோருடைய ரத்தத்திலும் இருக்கின்றன. என்னிடமும் இருக்கின்றன. அவை எழாமல் இருப்பதற்குக் காரணம் அவை இல்லாமை அல்ல. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிமிடமும் வேறு செல்கள் அவற்றை அமர்த்திக்கொண்டிருப்பது. இந்த நிலையைக் குறிக்க எனக்குப் பிடித்த தமிழ்ச் சொல் பொறை. தாங்குவதையும் பொறுப்பதையும் ஒருசேரச் சொல்லும் பழைய சொல் அது. உடலின் பொறை பிறக்கும்போதே கிடைத்து அப்படியே இருந்துவிடுவதில்லை. அது ஓயாமல் நடக்கும் உழைப்பு. அந்த உழைப்பு எங்கோ தளர்ந்ததுதான் அக்காவின் நோய். தளர்ச்சியைத் துரோகம் என்று சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை தஞ்சாவூருக்குப் போனேன். அக்கா பின்கட்டுத் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில் முற்றாக இறங்கிய பிறகுதான் அவள் அங்கே வந்து உட்காருவாள். நான் படித்ததைச் சொன்னேன். எலியையும் ஜப்பானியரையும் பற்றிச் சொன்னபோது கீரையிலேயே கவனமாக இருந்தாள். எல்லோரிடமும் அந்தச் செல்கள் இருக்கின்றன என்ற இடத்தில் கை நின்றது. “உன்கிட்டயும் இருக்கா?” என்றாள். “இருக்குக்கா.” “அம்மாகிட்ட?” “அம்மாகிட்டயும்.” கொஞ்ச நேரம் காம்பைக் கிள்ளாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “உன்கிட்ட இருக்கறது ஏன் சும்மா இருக்கு?”

பேருந்தில் கேட்ட கேள்வியிலிருந்து இந்தக் கேள்விக்கு வந்து சேர எங்களுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்னதில் அவள் ஒரு குற்றவாளியைத் தேடினாள். இதில் காரணத்தைத் தேடினாள். அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை என்பதே எனக்கு அப்போதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் அவளை நோயாளியாக மட்டுமே பார்த்திருக்கிறேன். அன்று இரவு, மறைத்து வைத்திருந்த அந்த ராணுவ ரத்த மாதிரிகளின் கதையையும் சொல்லிவிட்டேன். “அப்போ அத்தை கேட்டது சரிதான்,” என்று அவள் அமைதியாகச் சொன்னாள். சற்றுப் பொறுத்து, “ஆனா எனக்கே தெரியாததை நாம எப்படி மறைச்சிருக்க முடியும்?” என்றாள். அத்தானும் உடன் இருந்தார். தன் அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதாக அவரே சொன்னார்.

அவள் கேள்விக்கு இதுவரை கிடைத்தவை

என்னிடம் இருப்பது ஏன் சும்மா இருக்கிறது என்பதற்கு முழு விடை யாரிடமும் இல்லை; துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கிறது. நான் ஆண், அவள் பெண் என்பது ஒரு துண்டு. லூபஸ் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். ஹார்மோன் மட்டுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பெண்களுக்கு இருக்கும் அளவு உயர்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஹோவர்ட் சாங் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருப்பதால், அவற்றில் ஒன்றை அடக்கி வைக்க எக்ஸிஸ்ட் என்ற நீண்ட ஆர்.என்.ஏ. அதைப் போர்த்திக்கொள்கிறது. அதோடு பல புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. செல்கள் சிதையும்போது இந்தக் கட்டு வெளியே வருகிறது. ஆன்டிபாடிகள் குறிவைக்கும் புரதங்களில் பல அதில் இருக்கின்றன. ஆண் எலிகளில் எக்ஸிஸ்டை உருவாக்கி, நோயைத் தூண்டும் ஒரு பொருளையும் செலுத்தியபோது, ஏற்கெனவே நோய் வரும் இயல்புள்ள எலி இனத்தில் அவற்றுக்கும் பெண் எலிகளைப் போலவே நோய் வந்தது. நோய்க்கு எளிதில் ஆளாகாத இனத்தில் எக்ஸிஸ்ட் மட்டும் போதவில்லை. அதாவது, ஒற்றைக் காரணம் என்று எதையும் பிடித்துக்கொள்ள இயலாது. ஆனால் ‘பெண்கள் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிறது’ என்று சிகிச்சை அறைகளிலேயே நான் கேட்ட பேச்சுக்கு இனி இடமில்லை. அந்தப் பேச்சு எனக்கு எப்போதும் கோபத்தையே தந்தது.

முன்கூட்டியே இருப்பது என்பதன் பொருளும் மாறிவருகிறது. முதல் வகை நீரிழிவிலும் இப்படித்தான், சர்க்கரை ஏறுவதற்கு முன்பே ஆன்டிபாடிகள் தெரிந்துவிடுகின்றன. அப்படித் தெரிந்த, நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 76 பேரில் நடந்த ஆய்வில், டெப்லிசுமாப் என்ற மருந்தை 14 நாள் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் வெளிப்பட இடைநிலைக் காலம் 48 மாதங்கள் ஆயிற்று. மருந்து பெறாதவர்களுக்கு 24 மாதங்கள். 2022 நவம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. ஒரு கூடத்தில் குற்றச்சாட்டாக விழுந்த அந்த ‘முன்னாடி’, ஓர் ஆய்வகத்தில் நோயைத் தள்ளிப்போடும் அவகாசமாக ஆகியிருக்கிறது. லூபஸுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.

லூபஸுக்கு வந்திருப்பது வேறு. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் கியோர்க் ஷெட் குழு, 2021இல், எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 20 வயதுப் பெண்ணுக்கு, ரத்தப் புற்றுநோய்க்கென உருவான கார்-டி சிகிச்சையை அளித்தது. நோயாளியின் டி செல்களையே எடுத்து, பி செல்களைக் கண்டழிக்கும்படி மரபணு மாற்றி, மறுபடி உடலுக்குள் செலுத்துவது அந்த முறை. ஆன்டிபாடிகளை உருவாக்குபவை பி செல்களின் வழிவந்த செல்கள்தான். 2024 பிப்ரவரியில் அந்தக் குழு 15 பேரின் முடிவுகளை வெளியிட்டது. எட்டுப் பேர் லூபஸ் நோயாளிகள், மற்றவர்களுக்குத் தசை அழற்சியும் தோல் இறுகும் நோயும். லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியது. பதினைந்து பேருமே எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்தினார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அடுத்த வரியை: ஏறக்குறைய நான்கு மாதங்களில் பி செல்கள் திரும்பி வந்தன, ஆனால் நோய் திரும்பவில்லை. வந்தவை எதையும் இன்னும் சந்தித்திராத, புதிதாகப் பிறந்த செல்கள். எலும்பு மஜ்ஜை அதே மஜ்ஜை, மரபணு அதே மரபணு. உடலே எதிரி என்றால் திரும்பி வந்தவையும் எதிரியாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

இதை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. பதினைந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்களைப் பின்தொடர்ந்த காலம் சராசரியாக ஒன்றேகால் ஆண்டுதான். ஒருவர் நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செல்களைச் செலுத்துவதற்கு முன் கீமோதெரபி உண்டு. புற்றுநோய்க்காக இதே சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு டி செல் புற்றுநோய் தோன்றியதால், 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. செலவும் கோடிகளில் இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சை 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி பெற்றது. அமெரிக்கச் செலவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த அனுமதி ரத்தப் புற்றுநோய்களுக்கானது.

டிசம்பர் மாதப் பரிசோதனைக்கு நானும் உடன் போயிருந்தேன். இப்போது பார்ப்பவர் வேறொரு மருத்துவர். அக்கா எர்லாங்கனைப் பற்றி அவரிடம் கேட்டாள். அவருக்கு அது தெரிந்திருந்தது. மாத்திரைகளுக்கு அடங்கியிருக்கும் நோய்க்கு அவ்வளவு பெரிய ஆபத்தை எடுக்க வேண்டியதில்லை, அது வேறு எதுவும் பலிக்காதவர்களுக்கான ஆய்வு என்று விளக்கினார். அக்கா ஏமாற்றம் அடைந்ததாகத் தெரியவில்லை. கோப்பைத் திறந்து, மூன்று ஆண்டுகளின் சிறுநீர்ப் புரத அளவுகளைத் தன் கையால் வரிசையாக எழுதி வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். “அப்போ ஸ்டீராய்டைக் குறைச்சுப் பார்க்கலாமா டாக்டர்?” அவர் அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். ஹைட்ராக்சிகுளோரோகுயினை மட்டும் ஒருபோதும் விடக் கூடாது என்று சொல்லி, 5 மில்லிகிராமிலிருந்து மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம் குறைக்க எழுதிக் கொடுத்தார். இப்போது 3இல் இருக்கிறாள். காலையில் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள். அடுத்த சிறுநீர்ப் பரிசோதனை இந்த மாதக் கடைசியில்.